சீட்டில் ஏறிய காளி: பள்ளிப் பேய் ஆட்டங்களும் கல்கத்தாவின் ஒரு பழைய குறிப்பும்

1895ஆம் ஆண்டு, கல்கத்தாவின் வங்காள ஆசியச் சங்கம் தன் ஆய்விதழில் மிகச் சிறிய குறிப்பொன்றை வெளியிட்டது. எழுதியவர் ஹரப்ரசாத் சாஸ்திரி. பின்னர் 1907இல் நேபாள அரண்மனை நூலகத்தில் சரியாபதச் சுவடியைக் கண்டெடுத்து, வங்க இலக்கியத்தின் தொன்மையைச் சில நூற்றாண்டுகள் பின்னுக்குத் தள்ளியவர் இவரே. ஆனால் 1895இல் அவர் எழுதியது சுவடியைப் பற்றியோ கல்வெட்டைப் பற்றியோ இல்லை. பாங்குரா மாவட்டத்து விஷ்ணுபூரில் மக்கள் ஆடிவந்த வட்டச் சீட்டாட்டத்தைப் பற்றி.

வீடியோ கேம்களின் விமர்சன வரலாற்றைப் பேசும் ஒரு கட்டுரையை இந்தக் குறிப்பிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. தெய்வங்களும் பேய்களும் ஆட்டக்காய்களாக மாறும்போது அறிவுலகம் அவற்றை எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்ற கேள்வி இன்று ஜப்பானிய ஆட்டங்களை முன்வைத்து எழுகிறது. அதற்கான ஒரு விடையின் தொடக்கம் கல்கத்தாவில், நூறாண்டுகளுக்கும் முன்பே எழுதப்பட்டுவிட்டது.

விஷ்ணுபூர்ச் சீட்டுக்கட்டில் 120 சீட்டுகள். பத்து அவதாரங்களுக்குப் பத்து இனங்கள். ஒவ்வோர் இனத்திலும் அரசன், அமைச்சன், ஒன்று முதல் பத்து வரை எண்சீட்டுகள் எனப் பன்னிரண்டு. துணியை மடித்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணம் பூசி, வட்டமாக நறுக்கி, வண்ணம் தீட்டி இவற்றைச் செய்வார்கள். மல்ல அரசர்களின் ஆதரவில் வளர்ந்த இக்கலையை ஃபௌஜ்தார் குடும்பத்தார் இன்றும் தொடர்கின்றனர். மச்சாவதாரத்துக்கு மீன், கூர்மத்துக்கு ஆமை, பரசுராமருக்குக் கோடரி, இராமருக்கு அம்பு என ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு சின்னம் உண்டு. விதிகளும் விந்தையானவை. ஐந்து இனங்களில் பத்து உயர்ந்த எண். மற்ற ஐந்து இனங்களில் ஒன்று உயர்ந்த எண். தசாவதாரச் சீட்டாட்டங்களில் பகலில் ஆடினால் ஓர் அவதாரம் முன்னிலை பெறும். இரவில் ஆடினால் வேறோர் அவதாரம். பொழுது சாய்ந்தால் தெய்வங்களின் அதிகாரம் கைமாறும்.

சாஸ்திரியின் கவனம் படங்களின் அழகில் நிற்கவில்லை. அவர் வரிசையைப் பார்த்தார். வழக்கமான தசாவதார வரிசையில் ஒன்பதாவதாக வரும் புத்தர், இந்தச் சீட்டுக்கட்டின் வரிசையில் ஐந்தாவதாக, தாமரைச் சின்னத்துடன் நிற்பதைக் கண்டார். அவதார வரிசை இன்றைய வடிவில் உறுதிப்படுவதற்கு முந்தைய காலத்தின் நினைவை இந்த ஆட்டம் சுமந்து நிற்கிறது என்று முடிவு செய்தார். ஆட்டம் தோன்றி ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பது அவர் கணிப்பு.

அந்தக் கணிப்பை இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்பதில்லை. கஞ்சீஃபா என்னும் சீட்டாட்டம் முகலாயர் வழியாகவே இந்தியாவில் வேரூன்றியது என்பது பொதுக் கருத்து. 1527இல் சிந்துவில் இருந்த ஷா ஹசனுக்குச் சீட்டுக்கட்டு அனுப்பியதைப் பாபர் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். அக்பர் அவையின் சீட்டுகளை அபுல் ஃபசல் விரிவாக விவரித்திருக்கிறார். ஆகவே விடையில் சாஸ்திரி தவறியிருக்கலாம். கேள்வியில் அவர் தவறவில்லை. ஓர் ஆட்டத்தின் விதியையும் வரிசையையும், சுவடியின் பாடபேதத்தைப் போல, சான்றாகக் கொண்டு வாசிக்கலாம் என்று அவர் காட்டினார். ஓர் ஆட்டம் எவ்வளவு சுவையானது என்பதைக் கடந்து, அது எதைச் சொல்கிறது என்று கேட்டார்.

இனி ஜப்பானுக்கு வருவோம். 1986இல் ஆயா நிஷிதானி எழுதிய ஒரு நாவலில், சக மாணவர்களால் துன்புறுத்தப்பட்ட பள்ளி மாணவன் ஒருவன் கணினி நிரல் எழுதி அசுரர்களை வரவழைக்கிறான். அடுத்த ஆண்டே அது 'மெகாமி தென்செய்' என்ற பெயரில் வீடியோ கேம் ஆனது. அதை உருவாக்கிய அட்லஸ் நிறுவனம் அந்த விதையிலிருந்து ஒரு பெருமரத்தை வளர்த்தது. உலகத்துப் புராணங்கள் அனைத்திலிருந்தும் தெய்வங்களும் பூதங்களும் அந்த ஆட்டங்களுக்குள் வந்து சேர்ந்தன. சிவன், விஷ்ணு, கணேசர், இலட்சுமி, பார்வதி, காளி ஆகியோரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. 1996இல் வெளிவந்த 'பெர்சோனா' இதைப் பள்ளிக்கூடத்துக்குள் நிலையாகக் கொண்டுவந்தது. மாணவர்கள் சிலர் வகுப்பறையில் விளையாட்டாக ஒரு சடங்கைச் செய்கிறார்கள், சிறுமி ஒருத்தியின் உருவம் தோன்றுகிறது, கதை தொடங்குகிறது.

இதே காலத்தில் கட்டம் கட்டமாகக் காய் நகர்த்தும் வியூக ஆட்டமும் பள்ளிப் பேய்க்கதையும் ஒன்றுசேர்ந்தன. 1998இல் வெளியான 'டோக்கியோ மாஜின் காகுவென் கென்பூச்சோ' பள்ளி மாணவர்கள் தீய சக்திகளுடன் மோதும் வியூக ஆட்டம். ஜப்பானில் பற்றுமிக்க வாசகர்களைப் பெற்ற அது அதிகாரபூர்வமாக ஆங்கிலத்துக்கு வரவேயில்லை. அதை இயக்கிய ஷூஹோ இமாய் பின்னர் 2014இல் 'டோக்கியோ ட்வைலைட் கோஸ்ட் ஹண்டர்ஸ்' என்ற ஆட்டத்தை அளித்தார். அது 2015இல் மேற்கு நாடுகளை அடைந்தது. அட்லஸின் 'டெவில் சர்வைவர்' 2009இலும், 'பெர்சோனா 5 டாக்டிகா' 2023 நவம்பரிலும் வந்தன. பள்ளி, அமானுடம், வியூகம் என்னும் மூன்று இழைகளும் முறுக்கிய கயிறு இது.

இக்கயிற்றை விமர்சகர்கள் எப்படிப் பிடித்தார்கள்?

வீடியோ கேம் விமர்சனம் நெடுங்காலமாகவே மதிப்பெண்ணோடு பிணைந்திருக்கிறது. ஜப்பானின் 'ஃபாமிட்சு' இதழில் நான்கு விமர்சகர்கள் ஆளுக்குப் பத்துக்கு மதிப்பெண் தருவார்கள். கூட்டினால் நாற்பதுக்கு ஓர் எண். 2001இல் தொடங்கிய மெட்டாக்ரிடிக் தளம் பல இதழ்களின் மதிப்பெண்களைத் திரட்டி நூற்றுக்கு ஓர் எண்ணாக்கியது. அந்த எண் உழைப்பாளரின் ஊதியத்தையே தொட்டது. 2010இல் வெளிவந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' ஆட்டத்துக்கு 85 கிடைத்தால் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் இருந்ததையும், கிடைத்தது 84 என்பதையும் அதை வடிவமைத்தவர்களுள் ஒருவரே பின்னர் வெளிப்படுத்தினார். எண் இவ்வளவு கனமானபோது, எண்ணாக்க முடியாத கேள்விகள் மதிப்புரையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன.

'டோக்கியோ ட்வைலைட் கோஸ்ட் ஹண்டர்ஸ்' பெற்ற வரவேற்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கில மதிப்புரைகள் கலவையாகவே அமைந்தன. ஓவியங்களையும் கதைச்சூழலையும் பலர் பாராட்டினர். இரண்டு விதிகள் அவர்களைச் சோர்வடையச் செய்தன. ஒன்று, உரையாடலின்போது சொற்களுக்குப் பதிலாக ஐந்து உணர்ச்சிகளுள் ஒன்றையும் ஐந்து புலன்களுள் ஒன்றையும் தேர்ந்தெடுத்துப் பதில் சொல்ல வேண்டிய சக்கரம். எந்தச் சேர்க்கை என்ன பொருள் தரும் என்பதை ஆட்டம் விளக்குவதில்லை. மற்றொன்று, பேயோட்டும் களம். ஆடுபவரும் பேயும் ஒரே நேரத்தில் நகர்வார்கள். ஆகவே பேய் இப்போது நிற்கும் கட்டத்தைத் தாக்கினால் பயனில்லை. அது அடுத்து எங்கே போகும் என்று ஊகித்து, அந்த வெற்றுக்கட்டத்தைத் தாக்க வேண்டும். ஊகம் பிழைத்தால் அடி காற்றில் போகும்.

பலமுறை காற்றில் அடித்த விமர்சகர் சலிப்படைந்ததில் வியப்பில்லை. அந்தச் சலிப்பும் உண்மையான சான்றே. ஆனால் சாஸ்திரியின் கண்ணோடு பார்த்தால் அவ்விதி வேறொன்றையும் சொல்கிறது. பேய் என்பது இருக்கும் இடத்தில் இல்லாதது. அதைக் கண்ணால் பிடிக்க முடியாது. அதன் பழக்கத்தை அறிந்தே பிடிக்க வேண்டும். எந்த ஊர்ப் பேயோட்டியும் இதைத்தான் சொல்வார். பேயைக் கண்ணுக்குத் தெரியும் பகைவனாக்கி, உயிரளவுக்கு ஒரு பட்டையும் வைத்துவிடும் ஆட்டங்களைவிட, இது நாட்டார் நம்பிக்கைக்கு நெருக்கமாக நிற்கிறது. விதி அலுப்பூட்டியதா என்ற கேள்வியும், விதி என்ன சொல்கிறது என்ற கேள்வியும் தனித்தனியானவை. மதிப்பெண் முதல் கேள்விக்கு மட்டுமே இடம் தருகிறது.

'பெர்சோனா 5 டாக்டிகா'வின் கதையும் ஏறத்தாழ இதுதான். மெட்டாக்ரிடிக்கில் எழுபதுகளில் நின்ற மதிப்பெண். எளிமையான களங்கள், குழந்தைத்தனமான உருவங்கள், நீண்ட உரையாடல்கள் ஆகியவை பற்றிய குறைகள். மூன்று பேர் முக்கோணமாக நின்று பகைவரை வளைக்கும் உத்திக்குப் பாராட்டு. அந்த ஆட்டத்தின் அமானுட உலகம் ஓர் அரசியல்வாதியின் மனத்திலிருந்து எழுகிறது. பள்ளிக்காலத்தில் எதிர்க்கத் துணியாத ஓர் அநீதியின் நினைவு அவரை விடுவதில்லை. பேய் எங்கோ வெளியிலிருந்து வரவில்லை. பள்ளிக்கூடத்திலேயே பிறந்து, ஆளுடன் வளர்ந்திருக்கிறது. தனியாக நின்று தோற்ற ஒருவரின் உள்ளத்துக்குள், மூவர் சேர்ந்து நின்றால்தான் வெல்லலாம் என்பது விதி. இதைக் கதையின் குணமாகப் பலர் எழுதினர். விதியின் குணமாக வாசித்தோர் குறைவு.

விமர்சகர்களுக்கு விதியை வாசிக்கத் தெரியாது என்று சொல்வது நியாயமாகாது. 2006இல் ஜப்பானிலும் 2007இல் அமெரிக்காவிலும் வந்த 'பெர்சோனா 3' ஆட்டத்தில், மாணவர்கள் துப்பாக்கி வடிவக் கருவியைத் தம் தலையிலேயே வைத்து அழுத்தித்தான் உள்ளிருக்கும் சக்தியை அழைக்க வேண்டும். அந்தச் சைகையின் பொருள் குறித்து அன்றே ஆங்கிலத்தில் நிறைய எழுதப்பட்டது. சாவை ஏற்றுக்கொள்ளும் கதையோடு அதைப் பொருத்திக் காட்டியவர்களும் உண்டு. தமக்குத் தெரிந்த படிமம் வந்தபோது விமர்சகர்கள் கண்விழித்தார்கள். தெரியாத படிமங்கள் அலங்காரமாகக் கடந்துபோயின. 1996இல் முதல் 'பெர்சோனா' அமெரிக்காவுக்குச் சென்றபோது மாணவர்களின் தலைமுடி நிறம் மாற்றப்பட்டது. ஜப்பானிய மாணவன் ஒருவன் கறுப்பின அமெரிக்கனாக்கப்பட்டான். கதையின் ஒரு பெரும் கிளையே நீக்கப்பட்டு, 2009இன் மறுபதிப்பில்தான் திரும்பியது. மனிதர்களை இவ்வளவு கவலையோடு இடம்மாற்றியவர்கள் தெய்வங்களைத் தொடவில்லை. அவை யாருக்கும் சொந்தமில்லாதவை என்று கருதப்பட்டன போலும்.

பள்ளி மாணவர்கள் வகுப்பறையில் ஆவியை அழைக்கும் அந்தச் சடங்குக்கும் வரலாறு உண்டு. ஜப்பானில் அதன் பழைய உருவம் 'கொக்குரி'. மூன்று மூங்கில் குச்சிகளின் மேல் ஒரு தட்டை வைத்து, கைகளை அதன்மேல் இருத்தி, ஆவியிடம் கேள்வி கேட்பார்கள். மெய்யியலாளர் இனோவே என்ரியோ 1887இலேயே இதை ஆராய்ந்தார். மேற்கத்திய மாலுமிகள் கொண்டுவந்த மேசையாட்டமே இதன் மூலம் என்றும், தட்டை அசைப்பது பங்கேற்போரின் மனமும் தசையுமே என்றும் விளக்கினார்.

அந்த அலை கல்கத்தாவையும் விட்டுவைக்கவில்லை. வங்க நாவலின் முன்னோடியும் கல்கத்தா பொது நூலகத்தின் நூலகருமான பியாரி சந்த் மித்ரா தம் பிற்காலத்தை ஆவியுலக ஆய்வுக்கே கொடுத்தார். 1929இன் இறுதியில் இரவீந்திரநாத் தாகூர், உமாதேவி என்னும் இளம்பெண்ணை ஊடகமாகக் கொண்டு மறைந்த தம் உறவினரோடும் நண்பரோடும் பேச முயன்றார். அந்த உரையாடல்கள் கேள்வியும் பதிலுமாகக் குறிப்பேடுகளில் பதிவாயின. வங்கத்து வீடுகளிலும் விடுதிகளிலும் பிளான்செட் ஒரு பொழுதுபோக்காகவே நிலைத்தது. நம்பிக்கைக்கும் விளையாட்டுக்கும் நடுவில், விதிகளுக்கு உட்பட்டு, கண்ணுக்குப் புலனாகாததோடு பேசும் ஒரு முறை அது. 'பெர்சோனா'வின் தொடக்கக் காட்சியைக் கல்கத்தாவின் வாசகர் எவரும் அந்நியமாக உணரத் தேவையில்லை. டோக்கியோவின் வகுப்பறையும் ஜோராசாங்கோவின் அறையும் ஒரே பத்தொன்பதாம் நூற்றாண்டு அலையின் இரு கரைகள்.

மதிப்பெண் தவிர இன்னொரு வகை எதிர்வினையும் இந்த ஆட்டங்களைச் சூழ்ந்து நிற்கிறது. அது புகார். 2009இல் ஹைதராபாத்தில் உருவாகி பிளேஸ்டேஷன் 2இல் வெளிவந்த 'ஹனுமான்: பாய் வாரியர்' ஆட்டத்தை, அமெரிக்காவின் நெவாடாவிலிருந்து இந்துமத அமைப்பு ஒன்றை நடத்தும் ராஜன் ஜெட் எதிர்த்தார். ஆடுபவர் ஒருவர் கைக்கருவியால் அனுமனை இயக்குவது தெய்வத்தைச் சிறுமைப்படுத்துவதாகும் என்பது அவர் வாதம். 2012இல் அமெரிக்க ஆட்டமான 'ஸ்மைட்'டில் காளி சித்திரிக்கப்பட்ட விதத்தை அவரே கண்டித்தார். காளியின் உடலை ஆபாசமாகக் காட்டினார்கள் என்ற குற்றச்சாட்டு சில நாட்கள் செய்தியானது. ஆட்டம் 2014இல் முறைப்படி வெளியானது. காளியும் அதில் நீடித்தாள்.

இந்தப் புகார்களைச் சிரித்து ஒதுக்குவது எளிது. ஆனால் 2009ஆம் ஆண்டுப் புகார், மதிப்புரைகள் தொடாத ஓர் இடத்தைத் தொட்டது. ஓவியத்தில் தெய்வத்தைப் பார்ப்பது வேறு. ஆட்டத்தில் தெய்வத்தை இயக்குவது வேறு. ஆட்டம் என்பது செயல் என்ற உண்மை அந்தப் புகாரில் அடங்கியிருக்கிறது. எனினும் அது அங்கேயே நின்றுவிட்டது. விஷ்ணுபூரின் ஆட்டக்காரர் இராமரைக் கையில் ஏந்தித் தரையில் வீசுகிறார், நரசிம்மரைப் பறிகொடுக்கிறார், கல்கியை மறைத்து வைக்கிறார். மல்ல அரசர்கள் வைணவர்கள். செங்கல் கோயில்களை எழுப்பியவர்கள். அவர்களுக்கு அது சிறுமையாகத் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் வைகுண்ட ஏகாதசி இரவில் விழித்திருந்து பரமபத சோபான படம் ஆடியவர்களும் தாயத்தை உருட்டித்தான் வைகுண்டம் ஏறினார்கள். தெய்வம் ஆட்டத்துக்குள் வருவது இங்கு புதிதில்லை.

தெய்வம் கடைச்சரக்காவதும் புதிதில்லை. காளிகாட் கோயில் வாசலில் பட்டுவாக்கள் காளியை வரைந்து யாத்திரிகருக்கு மலிவாக விற்றனர். 1878இல் தொடங்கிய கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோ அவளை வண்ண அச்சாக்கி நாடெங்கும் அனுப்பியது. சுதேசி இயக்கக் காலத்தில் 'காளி சிகரெட்' விளம்பரத்திலும் அந்தப் படம் ஏறியது. காளி மாலையின் தலைகளில் வெள்ளையர் முகச்சாயல் உண்டோ என்று ஆங்கில அதிகாரிகள் ஐயுற்றதும் இப்படத்தைப் பார்த்தே. ஒரு சிகரெட் விளம்பரத்தை அரசதிகாரம் இத்தனை கூர்மையாக வாசித்தது! அந்தக் கூர்மையில் பாதியாவது இன்றைய ஆட்டங்களின்மேல் விழுந்திருந்தால், விவாதம் ஆடையளவோடு முடிந்திருக்காது.

சாஸ்திரியைப் பின்பற்றி வரிசையைப் பார்ப்போம். பெர்சோனா ஆட்டங்கள் தம் தெய்வங்களை டாரட் சீட்டின் 22 பெரும் இனங்களுக்குள் அடுக்குகின்றன. எந்தத் தெய்வம் எந்த இனத்தில் அமர்கிறது என்பதே அந்த ஆட்டத்தின் புராண விளக்கம். 2006இன் 'பெர்சோனா 3'இல் காளி 'வலிமை' இனத்தில் இருக்கிறாள். இராட்சசன், அனுமன், நரசிம்மன் ஆகியோர் அவளுக்கு அண்டையர். பத்தாண்டு கழித்து 2016இல் வந்த 'பெர்சோனா 5'இல் அவள் 'பேரரசி' இனத்துக்குப் பெயர்ந்திருக்கிறாள். டாரட் மரபில் பேரரசி தாய்மையின் சீட்டு. அங்கே அவளுடன் இருப்போர் யட்சிணியும், குழந்தைகளைக் காக்கும் பௌத்தத் தாய்த்தெய்வம் ஹாரிதியும், டாகினியும். வங்கத்தின் காளி பூஜைப் பந்தல்களில் காளியின் இருபுறமும் டாகினி யோகினி உருவங்கள் நிற்பதைக் கண்டவர்களுக்கு இந்த அயல் பழக்கமானது.

போர்க்கள வலிமையிலிருந்து தாய்மைக்கு என்னும் இந்தப் பெயர்ச்சி வங்கத்தில் காளி கடந்துவந்த பாதையே. சுடுகாட்டில், தாந்திரிகர் மட்டும் அணுகிய அச்சமூட்டும் தெய்வத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ராம்பிரசாத் சென் தம் பாடல்களில் அம்மா என்று அழைத்து, அவளோடு சண்டையும் போட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தட்சிணேஸ்வரத்தின் இராமகிருஷ்ணர் அந்த உறவை உலகறியச் செய்தார். டோக்கியோவின் வடிவமைப்பாளர்கள் இதை அறிந்து செய்தார்களா, ஆட்டத்தின் எண்கணக்குக்காக இடம் மாற்றினார்களா என்பது இங்கு முக்கியமில்லை. விஷ்ணுபூர்ச் சீட்டை வரைந்தவரும் புத்தரின் இடத்தைப் பற்றிக் குறிப்பு எழுதி வைக்கவில்லை. சான்று அடுக்கில் இருக்கிறது. அதை வாசிப்பது ஆய்வாளரின் கடன்.

அதே 'பெர்சோனா 5'இல் இன்னொரு விதியும் உண்டு. வலிமை கூடிய புதிய தெய்வத்தைப் பெற, கையிலுள்ள இரண்டைக் கலக்க வேண்டும். சிறைச்சாலை வடிவிலுள்ள ஓர் அறையில், இரண்டையும் கில்லட்டினில் நிறுத்தித் தலையை வெட்டுவதே அந்தக் கலப்பு. வெட்டுண்ட இரண்டிலிருந்து மூன்றாவது எழும். தலைகளை மாலையாக அணிந்தவளும் ஒருநாள் அந்தக் கத்தியின் கீழ் நிற்க நேரலாம். சமூகம் தம்மேல் சுமத்திய முகமூடிகளைக் கிழித்தெறியும் மாணவர்களின் கதைக்கு இவ்விதி பொருந்துகிறது: ஒவ்வொரு தெய்வமும் மனத்தின் ஒரு முகமூடி, வளர வேண்டுமானால் பழைய முகம் சாக வேண்டும். ஆனால் அதே விதி, வழிபாட்டில் வாழும் ஒரு தெய்வத்தையும் மூலப்பொருளாக்குகிறது. விஷ்ணுபூரில் பொழுது மாறினால் முன்னிலை மாறும், சீட்டு அழியாது. இங்கே பழையது அழிந்தால்தான் புதியது. தெய்வத்தைப் பற்றிய இருவேறு சிந்தனைகள் இரண்டு விதிகளாக எதிரெதிரே நிற்கின்றன. 'பெர்சோனா 5' மெட்டாக்ரிடிக்கில் 93 பெற்றது. அதன் பாணியும் இசையும் திரையமைப்பும் கொண்டாடப்பட்டன. ஆங்கில மொழிபெயர்ப்பின் தரமும் ஒருபாலீர்ப்புள்ளோரைச் சித்திரித்த முறையும் கடிந்துகொள்ளப்பட்டன. இவை தேவையான விவாதங்களே. கில்லட்டினின் கீழ் நிற்பவர் யார் என்ற கேள்வி அந்தப் பெருவிவாதத்துக்குள் இடம்பெறவில்லை.

இதில் இழப்பு யாருக்கு? கல்கத்தாவிலோ சென்னையிலோ வளரும் ஒரு சிறுவன், ஹாரிதி என்னும் பெயரை முதன்முதலாகக் கேட்பது இத்தகைய ஆட்டத்தில்தான் என்று ஆகிவிட்ட காலம் இது. ஆட்டம் தரும் இரண்டு வரிக் குறிப்பே அவனுக்குப் புராணம். அந்த இரண்டு வரியை யார் எழுதினார், எதை விட்டார், எந்த விதிக்குள் அந்தத் தெய்வத்தை அடைத்தார் என்று எடுத்துச் சொல்லும் விமர்சனம் அவன் மொழியில் இல்லாவிட்டால், அவனுக்குக் கிடைப்பவை இரண்டே: வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லும் எண், கோபப்படு என்று சொல்லும் அறிக்கை.

கல்கத்தா இந்தப் பற்றாக்குறையை ஓரளவு உணர்ந்திருக்கிறது. இந்தியாவில் வீடியோ கேம்களைக் கல்விப்புலத்துக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் சௌவிக் முகர்ஜி. அந்நகரின் பிரசிடென்சி பல்கலைக்கழகத்தில் கற்பித்து, பின்னர் சமூக அறிவியல் ஆய்வு மையத்துக்குச் சென்றவர். 2015இல் ஆட்டமும் கதைசொல்லலும் பற்றி ஒரு நூலும், 2017இல் ஆட்டமும் பின்காலனியமும் பற்றி ஒரு நூலும் எழுதினார். இந்தியாவின் பழைய பலகையாட்டங்களையும் அவர் ஆய்வு தொடுகிறது. ஞான சௌபரிலிருந்து கணினித் திரை வரை ஒரே நூலாக வாசிக்கலாம் என்ற நம்பிக்கை அந்த ஆய்வுகளின் அடியில் ஓடுகிறது. 1895இன் குறிப்புக்கும் இவற்றுக்கும் நேரடித் தொடர்ச்சியைக் காட்டுவது மிகையாகலாம். ஆனால் ஆட்டத்தை ஆவணமாக மதிக்கும் பழக்கம் அந்நகரில் இரண்டு காலங்களிலும் தலைதூக்கியிருக்கிறது.

தமிழில் இதற்கான மூலப்பொருள் குறைவில்லை. பல்லாங்குழியும் ஆடுபுலியாட்டமும் தாயக்கட்டமும் கோயில் தளங்களில் இன்றும் கீறல்களாக நிற்கின்றன. பரமபதப் படத்தில் எந்தப் பாம்பு எந்தப் பாவத்தின் பெயரைத் தாங்குகிறது, அச்சுக்கு அச்சு அந்தப் பெயர்கள் எப்படி மாறின என்பதே ஓர் ஆய்வேட்டுக்குப் போதிய பொருள். அந்தக் கண் பழகிவிட்டால், அடுத்த பள்ளிப் பேய் ஆட்டம் வரும்போது, நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்பவர் அருகில், காளி இம்முறை எந்த இனத்தில் நிற்கிறாள், அவள் அண்டையர் யார், எந்த விதி அவளை அசைக்கிறது என்று கேட்கவும் ஒருவர் இருப்பார். சாஸ்திரியைப் போல அவர் காலக்கணிப்பில் தவறலாம். அவருக்குப் பின் வருபவர் திருத்திக்கொள்ள, வாசித்த வரிசையாவது எழுத்தில் நிற்கும்.